சம்பளத்தோடு லீவு வாங்கிக் கொடுத்த பிரதமர் லியோன் புளூம்



தேர்தல் முடிந்து ஒரு புது அரசாங்கம் அமைந்தால் போதும். காப்பிக் கடையிலும் கோயில் திடலிலும் ஒரே பேச்சுத்தான். எந்தக் கட்சிக்கு எத்தனை மந்திரி? யாருக்கு எந்த இலாகா? இதையெல்லாம் கேட்டுவிட்டு, அவங்க நாற்காலியைப் பங்கு போட்டா நம்ம அடுப்புல உலை கொதிக்குமா என்று சலித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

கொதித்திருக்கிறது! ஒரு நாட்டில், ஒரு கோடைகாலத்தில், மந்திரி சபையில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதால் லட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கையே மாறியது. அதே மந்திரி சபையில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதாலேயே பல நல்ல காரியங்கள் நடுவழியில் நின்றும் போயின. அந்த நாடு பிரான்ஸ். ஆண்டு 1936. அந்த மந்திரி சபைக்குத் தலைவராக இருந்தவர் லியோன் புளூம்.

புளூம் 1872 ஏப்ரல் 9-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். யூதக் குடும்பம். தகப்பனார் பட்டு ரிப்பன் வியாபாரி. வீட்டில் பசி பட்டினி கிடையாது. பையன் படிப்பில் கெட்டிக்காரன். சட்டம் படித்து, அரசாங்கத்தின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றத்தில் உத்தியோகத்தில் அமர்ந்தார். மற்ற நேரத்தில் புத்தகங்களையும் நாடகங்களையும் பற்றி விமர்சனம் எழுதினார். மூக்குக் கண்ணாடி, மெல்லிய குரல், நாகரிகமான உடை. இவரைப் பார்த்தால் பாட்டாளிகளின் தலைவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்படிப்பட்டவரை அரசியலுக்கு இழுத்து வந்தது ஓர் அநியாயம். ட்ரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியின் மேல், நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்று பொய்க் குற்றம் சாட்டி 1894-இல் சிறைக்கு அனுப்பினார்கள். அந்த வழக்கு நாட்டையே இரண்டாகப் பிளந்தது. நியாயத்தின் பக்கம் நின்றவர்களில் இளைஞர் புளூமும் ஒருவர். அந்தக் காலத்தில்தான் சோஷலிஸ்ட் தலைவர் ஜான் ஜோரெஸின் நட்பு இறுகியது. ஜோரெஸைத் தன் குருவாகவே எடுத்துக்கொண்டார் புளூம். உலகப் போர் மூளப் போகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்று ஓயாமல் பேசிய ஜோரெஸை 1914 ஜூலை 31-ஆம் தேதி ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு புளூம் ஒதுங்கி நிற்கவில்லை. போர்க்காலத்தில் பொதுப்பணி மந்திரியாக இருந்த மார்செல் செம்பாவின் அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒரு மந்திரியின் மேசை எப்படி நடக்கிறது என்பதை உள்ளே இருந்தே கற்றுக்கொண்டார். 1919-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மறு வருஷமே பெரிய சோதனை வந்தது. 1920 டிசம்பரில் தூர் நகரில் கூடிய மாநாட்டில் சோஷலிஸ்ட் கட்சி உடைந்தது. பெரும்பாலோர் மாஸ்கோ வழியில் போய்க் கம்யூனிஸ்ட் கட்சியானார்கள். கட்சிப் பத்திரிகையும் அவர்களோடு போயிற்று. பழைய வீட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று புளூமும் சிலரும் பின்தங்கி நின்றார்கள். ஒரே சங்கத்துக் கொடியின் கீழ் நின்ற தொழிலாளர்கள் இரண்டு சங்கமாகப் பிரிந்தார்கள். இரண்டு சங்கம் என்றால் முதலாளிக்குத்தானே கொண்டாட்டம்? இது எந்த ஊரிலும் உள்ள கதைதான்.

1924-இல் இடதுசாரிகளின் கூட்டு வெற்றி பெற்றபோது ராடிக்கல் கட்சியினர் ஆட்சி அமைத்தார்கள். பேருக்குத்தான் ராடிக்கல், சின்ன வியாபாரிகள், சொந்த நிலம் வைத்திருப்பவர்கள், வக்கீல்கள், வாத்தியார்கள் இவர்களின் நடுநிலைக் கட்சி அது. சோஷலிஸ்டுகளுக்கும் மந்திரி பதவி தருகிறோம் என்றார்கள். புளூமின் கட்சி ஏற்கவில்லை. வெளியே இருந்து ஓட்டுப் போடுகிறோம், உள்ளே வரமாட்டோம் என்றார்கள். இரண்டு மூன்று நாற்காலிக்கு ஆசைப்பட்டு உள்ளே போனால், மற்றவன் செய்கிற காரியத்துக்கெல்லாம் நாம் பதில் சொல்ல வேண்டி வரும் என்பது புளூமின் கணக்கு. மந்திரி சபைக்குப் போனால் பெரிய கட்சியாகத்தான் போக வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் காத்திருந்தார்.

அந்த வேளை வந்த விதம் பயங்கரமானது. ஜெர்மனியில் 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். பிரான்சிலும் அதே மாதிரிக் கூட்டங்கள் கிளம்பின. 1934 பிப்ரவரி 6-ஆம் தேதி பாரிசில் அவர்கள் நாடாளுமன்றத்தை நோக்கிப் பாய்ந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அப்போதுதான் எல்லோருக்கும் கண் திறந்தது. ஆறு நாள் கழித்துப் பிப்ரவரி 12-இல் பொது வேலை நிறுத்தம். அன்று பாரிஸ் வீதியில் சோஷலிஸ்ட் ஊர்வலம் ஒரு பக்கமிருந்தும், கம்யூனிஸ்ட் ஊர்வலம் மறு பக்கமிருந்தும் வந்தன. அடிதடி ஆகுமோ என்று பார்த்தவர்கள் திகைக்க, இரண்டு கூட்டமும் ஒன்றாய்க் கலந்து கைகோர்த்தன. தலைவர்கள் உடன்பாடு எழுதுவதற்கு முன்னாலேயே தொழிலாளி எழுதிவிட்டான்!

சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட், ராடிக்கல் மூன்றும் சேர்ந்ததுதான் மக்கள் முன்னணி. 1936 மார்ச்சில் பிரிந்து கிடந்த இரண்டு தொழிற்சங்கச் சம்மேளனங்களும் மறுபடி ஒன்றாயின.

இதற்கிடையில் 1936 பிப்ரவரி 13-இல் பாரிசில் ஒரு வீதியில் காரில் போய்க்கொண்டிருந்த புளூமை எதிரிக் கூட்டம் இழுத்துப் போட்டு அடித்தது. தலையில் இரத்தம் கொட்டியது. ஓடி வந்து காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? பக்கத்தில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளிகள்.

ஏப்ரல் 26, மே 3 ஆகிய இரண்டு சுற்றிலும் நடந்த தேர்தலில் மக்கள் முன்னணி ஜெயித்தது. ராடிக்கல் கட்சி இடங்களை இழந்தது. கம்யூனிஸ்டுகள் 72 இடங்களுக்கு உயர்ந்தார்கள். எல்லாரையும் விடப் பெரிய கட்சியாக வந்தது புளூமின் கட்சி. காத்திருந்த நேரம் வந்துவிட்டது. ஆனால் தனியாக ஆள முடியாது, கூட்டுக் குடித்தனம்தான்.

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய இடம். மந்திரி சபையை எப்படிக் கட்டினார்?

கம்யூனிஸ்டுகளையும் உள்ளே அழைத்தார் புளூம். அவர்கள் வரவில்லை. வெளியே இருந்து ஆதரிப்போம் என்றார்கள். 1924-இல் புளூம் செய்ததை இப்போது புளூமுக்கே செய்தார்கள்! ஆகவே உள்ளே சோஷலிஸ்டுகளும் ராடிக்கல்களும், ஒரு சிறு குழுவைச் சேர்ந்த ஓரிருவரும். துணை மந்திரிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 35 பேர். பாதிக்கு மேல் சோஷலிஸ்டுகள்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, அன்பர்களே. எந்த இலாகா யார் கையில் என்று பார்க்க வேண்டும். நிதி மந்திரி வின்சென்ட் ஓரியோல், உள்நாட்டு மந்திரி ரோஜே சலாங்ரோ, தொழில் மந்திரி ஜான் பப்திஸ்த் லெபா, விவசாய மந்திரி ஜார்ஜ் மோனே, குடியேற்ற நாடுகளின் மந்திரி மாரியுஸ் மூதே இவர்கள் எல்லாம் சோஷலிஸ்டுகள். அதாவது பணம், போலீஸ், தொழில், நிலம் இந்தக் கையில். ராடிக்கல் கட்சிக்கு என்ன? எதுவார் தலாதியே துணைப் பிரதமர், ராணுவமும் அவரிடமே. வெளிநாட்டு இலாகா ஈவோன் தெல்போசுக்கு. விமானத் துறை பியேர் கோவுக்கு. கல்வி 31 வயது இளைஞர் ஜான் ஸேக்கு. ஆக, துப்பாக்கியும் வெளிநாட்டு உறவும் அந்தக் கையில். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இன்னொரு விசேஷம். மூன்று பெண்களைத் துணை மந்திரிகளாக்கினார் புளூம். நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி ஐரீன் ஜோலியோ கியூரி, ஆசிரியையாக இருந்த சுசான் லகோர், பெண்ணுரிமைக்குப் போராடிய செசில் புருன்ஷ்விக். அந்த நேரத்தில் பிரான்சில் பெண்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது! அது 1944-இல்தான் வந்தது. ஓட்டுப் போட முடியாதவள் மந்திரியானாள்.

தேர்தல் முடிந்தும் ஒரு மாதம் பதவி ஏற்காமல் இருந்தார் புளூம். பழைய சபையின் காலம் முடியட்டும், சட்டப்படி நடப்போம் என்றார். தொழிலாளிகள் அவ்வளவு பொறுக்கவில்லை. மே 11-இல் லெ ஹாவ்ர் நகரின் விமானத் தொழிற்சாலையில் தொடங்கியது வேலை நிறுத்தம். இது புது மாதிரி. வெளியே வந்து கொடி பிடிக்கவில்லை. யந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. ராத்திரியில் பாட்டும் ஆட்டமும். ஆனால் ஒரு யந்திரத்துக்கும் சேதம் செய்யவில்லை. ஜூன் மாதத்துக்குள் ஏறக்குறைய 20 லட்சம் பேர் வேலை நிறுத்தத்தில் இருந்தார்கள். பெரிய துணிக்கடைகளில் நின்றே கால் வீங்கிய விற்பனைப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள்.

ஜூன் 4-ஆம் தேதி புளூம் பதவி ஏற்றார். அவர் யூதர் என்பதைச் சொல்லிக் காட்டி நாடாளுமன்றத்திலேயே ஒருவர் இழிவாகப் பேசினார். புளூம் அதில் நேரத்தை வீணாக்கவில்லை. ஜூன் 7-ஆம் தேதி முதலாளிகளின் பிரதிநிதிகளையும், லியோன் ஜூவோ தலைமையில் தொழிற்சங்கத்தாரையும் மாத்தினியோன் மாளிகையில் ஒரே மேசையில் உட்கார வைத்தார். சங்கத்தார் சில தொழிற்சாலைகளின் கூலிக் கணக்கை எடுத்து முன்னால் வைத்தார்கள். நம்ம தொழிலிலா இவ்வளவு குறைந்த கூலி என்று முதலாளிகளில் சிலரே வாயடைத்துப் போனார்கள்.

நடு இரவு தாண்டி ஒப்பந்தம் முடிந்தது. கூலி 7 முதல் 15 சதவீதம் உயர்வு. அடிமட்டக் கூலிக்காரனுக்கே அதிக சதவீதம். சங்கத்தில் சேர உரிமை. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் தொழிலாளிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி. கூட்டு ஒப்பந்தம்.

அடுத்த இரண்டு வாரத்தில் சட்டங்கள் வரிசையாக வந்தன. வாரத்துக்கு 48 மணி நேர வேலை 40 ஆகக் குறைந்தது, கூலி குறையவில்லை. ஒரு வருஷம் வேலை செய்தவனுக்கு 15 நாள் சம்பளத்தோடு லீவு. வேலைக்குப் போனால்தான் பேர் விழும், பேர் விழுந்தால்தான் காசு என்று வாழ்ந்த நம்ம பெரியவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். வேலைக்குப் போகாத நாளுக்கும் கூலியா என்று அந்த ஊர்த் தொழிலாளியே முதலில் நம்பவில்லையாம்.

லீவு கொடுத்தால் போதுமா? போய்வரக் காசு வேண்டாமா? விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் துணை மந்திரியாக இருந்த லியோ லக்ராஞ்ச் என்ற இளைஞர் ரயில் கம்பெனிகளோடு பேசி, லீவில் போகும் தொழிலாளிக்கு 40 சதவீதம் கட்டணக் குறைப்பு வாங்கினார். அந்த முதல் கோடையிலேயே ஏறக்குறைய 6 லட்சம் பேர் அந்த டிக்கெட்டில் பயணம் போனார்கள். ரயிலுக்கு வழியில்லாதவர்கள் சைக்கிளில் போனார்கள். பிறந்ததிலிருந்து கடலையே காணாத எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலாகக் கடற்கரையில் கால் நனைத்தன.

இன்னும் உண்டு. ஜான் ஸே பிள்ளைகள் கட்டாயம் படிக்கும் வயதை 14 ஆக உயர்த்தினார். ஜார்ஜ் மோனே கோதுமை வாரியம் அமைத்து, தரகர்களிடம் சிக்கிய விவசாயிக்கு நிலையான விலை கிடைக்க வழி செய்தார். பெரிய பங்குதாரர்கள் 200 பேரின் பிடியில் இருந்த பிரான்ஸ் வங்கி அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. எல்லாம் மூன்று மாதத்துக்குள்!

ஆனால் குறையையும் சொல்லத்தான் வேண்டும். 40 மணி நேரச் சட்டம் தொழிற்சாலைக்கும் கடைக்கும் சுரங்கத்துக்கும்தான். வயலில் வேலை செய்த கூலிக்கு அது இல்லை. மண்ணில் பாடுபடுகிறவன் எப்போதும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறான்.

கடலுக்கு அப்பால் இருந்தவர்களுக்கோ அதைவிடத் தாமதம். நம் தமிழர்கள் வாழும் புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பாரிசில் தொழிலாளி வெற்றி விழாக் கொண்டாடிய அதே ஜூலையில், 30-ஆம் தேதி, எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டுப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர் மேல் போலீசார் சுட்டார்கள். 12 தமிழ்த் தொழிலாளர்கள் பிணமானார்கள். அப்போது நடந்தது புளூம் அரசாங்கம்தான். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரிஸ் வரை போய் முறையிட்டார். 1937-இல் பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. பாரிசில் மேசையில் பேசிக் கிடைத்தது, புதுச்சேரியில் உயிரைக் கொடுத்துக் கிடைத்தது. அல்ஜீரியாவில் படித்த முஸ்லிம்களில் ஒரு சிறு பகுதியினருக்காவது ஓட்டுரிமை தரலாம் என்று கொண்டுவந்த யோசனையோ, அங்கிருந்த வெள்ளைக் குடியேறிகளின் எதிர்ப்பால் ஓட்டுக்கே விடப்படாமல் கிடந்து மடிந்தது.

கூட்டுக் குடித்தனத்தின் விரிசலும் சீக்கிரமே தெரிந்தது. 1936 ஜூலையில் ஸ்பெயினில் ராணுவத் தளபதிகள் கலகம் செய்தார்கள். அங்கேயும் மக்கள் முன்னணி ஆட்சிதான். ஆயுதம் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். கொடுக்க வேண்டும் என்பதுதான் புளூமின் முதல் எண்ணம். ஆனால் வெளிநாட்டு இலாகா யாரிடம்? தெல்போசிடம். ராணுவம்? தலாதியேயிடம். ராடிக்கல் மந்திரிகளில் பலர் மறுத்தார்கள். பிரிட்டனும் வேண்டாம் என்றது. பிடிவாதம் பிடித்தால் மந்திரி சபை உடையும். உடைந்தால் தொழிலாளிக்குக் கிடைத்ததும் போகும். ராஜினாமா செய்துவிடலாமா என்றுகூட நினைத்தார் புளூம். கடைசியில் யாரும் தலையிடாக் கொள்கைக்கு ஒத்துக்கொண்டார். ஹிட்லரும் முசோலினியும் அந்தக் கொள்கையை மதிக்கவில்லை. கலகக்காரர்களுக்கு ஆயுதத்தை அள்ளிக் கொடுத்தார்கள். ஸ்பெயின் வீழ்ந்தது. இது புளூமின் பெயரில் ஆறாத புண்.

வீட்டுக்குள்ளும் அடி விழுந்தது. உள்நாட்டு மந்திரி சலாங்ரோ முதல் உலகப் போரில் படையை விட்டு ஓடியவர் என்று எதிரிப் பத்திரிகைகள் வாரக்கணக்கில் பொய்யை அச்சடித்தன. விசாரித்து, குற்றமில்லை என்று தீர்ந்த பின்னும் விடவில்லை. மனம் உடைந்த அந்த மனிதர் 1936 நவம்பரில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

விலைவாசி ஏறி, கூட்டிய கூலியைத் தின்றது. பணக்காரர்கள் பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்தினார்கள். பிராங்க் நாணயத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. 1937 பிப்ரவரியில், கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்குவோம் என்று அறிவித்தார் புளூம். மார்ச் 16-இல் பாரிசை அடுத்த கிளிஷியில், அவருடைய அரசாங்கத்துப் போலீசே தொழிலாளர் கூட்டத்தின் மேல் சுட்டது. உயிர்கள் போயின. இசை நாடகம் பார்க்கப் போயிருந்த புளூம் விழா உடையிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தவர்கள் மன்னிக்கவில்லை.

ஜூன் மாதம் நிதி நெருக்கடியைச் சமாளிக்கத் தனி அதிகாரம் கேட்டார். கீழ்ச்சபை கொடுத்தது. ராடிக்கல்களின் செல்வாக்கில் இருந்த மேல்சபை மறுத்தது. புளூம் பதவி விலகினார். ஒரு வருஷமும் சில நாளும்தான் அந்த ஆட்சி. 1938-இல் மறுபடி வந்து ஒரு மாதம்கூட நிற்க முடியவில்லை. அதே வருஷக் கடைசியில் 40 மணி நேரச் சட்டத்தையும் தளர்த்தி விட்டார்கள்.

1940-இல் ஜெர்மனி பிரான்சை வீழ்த்தியது. ஜூலை 10-ஆம் தேதி முழு அதிகாரத்தையும் மார்ஷல் பெத்தானிடம் ஒப்படைக்க 569 பேர் கை தூக்கினார்கள். மாட்டோம் என்றவர்கள் 80 பேர்தான். அதில் புளூமும் ஒருவர். கைது செய்து, ரியோம் நகரில் 1942-இல் விசாரணை வைத்தார்கள். தொழிலாளிக்கு லீவும் வேலை நேரக் குறைப்பும் கொடுத்து நாட்டைப் பலவீனமாக்கினார் என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று! எழுபது வயதுக் கிழவர் குற்றவாளிக் கூண்டில் நின்று, கணக்குக் கணக்காக எடுத்துச் சொன்னார். செய்ததற்கு வருந்தவில்லை. தொழிலாளியின் இருண்ட வாழ்க்கையில் கொஞ்சம் வெளிச்சம் காட்டியதில் தனக்குப் பெருமைதான் என்று காட்டிவிட்டார். விசாரணை தங்களுக்கே திரும்புவதைக் கண்டு பாதியிலேயே நிறுத்தினார்கள்.

1943-இல் ஜெர்மானியர் அவரை புகென்வால்ட் சிறைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவரை நேசித்த ஜான் என்ற பெண்மணி தானாகவே அங்கே போய், சிறையிலேயே அவரை மணந்துகொண்டார். தம்பி ரெனே ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். தொழில் மந்திரி லெபா ஜெர்மன் சிறைமுகாமில் இறந்தார். ஜான் ஸேயைத் துரோகப் படையினர் 1944-இல் சுட்டுக் கொன்றார்கள். லக்ராஞ்ச் 1940-லேயே போர்முனையில் விழுந்தார். அந்த மந்திரி சபையில் நாற்காலி என்பது சுகமான இடமாக இருக்கவில்லை.

1945 மே மாதம் அமெரிக்கப் படைகள் புளூமை மீட்டன. 1946 டிசம்பரில் ஒரு மாதம் போல மறுபடி ஆட்சித் தலைவராக இருந்தார். 1950 மார்ச் 30-ஆம் தேதி காலமானார்.

அவர் போட்ட சட்டங்களில் எது நிலைத்தது? சம்பள லீவு நிலைத்தது. பெத்தான் ஆட்சிகூட அதில் கை வைக்கத் துணியவில்லை. 1956-இல் அது மூன்று வாரமானது, 1969-இல் நான்கு, 1982-இல் ஐந்து.

தோழர்களே, இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. மந்திரி பட்டியல் வந்தால் நம்ம ஆள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணாதீர்கள். எந்த இலாகா யார் கையில், யாருடைய தயவில் அந்த ஆட்சி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாவது, 1936 ஜூன் மாதம் புளூம் ஒரே ராத்திரியில் அவ்வளவு வாங்கித் தர முடிந்ததென்றால், அவருக்குப் பின்னால் 20 லட்சம் பேர் ஒற்றுமையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டம் கலைந்த பிறகு அதே புளூம், அதே மந்திரிகள், ஒன்றும் நகரவில்லை. நல்லவர் ஒருவர் நாற்காலியில் இருப்பது பாதி பலம்தான். மீதிப் பாதி சங்கத்தில் இருக்கிறது. சங்கத்தின் பலம் நம்ம ஒற்றுமையில் இருக்கிறது.